ஆஸ்பத்திரிப் பேதி விதியல்ல

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பேதி. இதைச் சொன்னவுடன் உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். சிலர் முகத்தைச் சுளிக்கிறீர்கள். பந்தல் போட்டு, விளக்குப் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, கடைசியில் பேதியைப் பற்றியா பேசுவது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் பேச வெட்கப்படும் காரியங்களினாலேயே மனிதன் அநேகமாக வீணில் சாகிறான் என்பது எனது அபிப்பிராயம். பேச வெட்கப்பட்டால் கேட்க வெட்கம். கேட்க வெட்கப்பட்டால் தெரிந்துகொள்ள வழியில்லை. தெரியாத இடத்தில் விதி வந்து உட்கார்ந்து கொள்ளும்.

நான் வைத்தியனல்ல. வைத்தியர்கள் ஆராய்ந்து அச்சிட்டிருப்பதைப் படித்தவன்; அதோடு என் குடும்பத்திலேயே ஒரு அனுபவம் கண்டவன். அந்த அனுபவத்தை முதலில் சொல்லுகிறேன்.

என் பெரியம்மாவுக்கு 68 வயது. ஒரு நாள் பல்வலி வந்தது. டாக்டரிடம் போகவில்லை. தெருமுனை மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பி, "பல்வலிக்கு நல்ல பலமான மாத்திரையாகக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பல்வலி நின்றது. கடைக்காரருக்குக் கைராசி என்று பெயரும் கிடைத்தது. ஒரு வாரம் கழித்துப் பேதி ஆரம்பித்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, வயிற்றில் முறுக்கு, உடம்பில் காய்ச்சல். வீட்டிலுள்ளவர்கள் என்ன செய்தார்கள்? கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டார்கள். அதில் நிற்கவில்லை. கிரகம் சரியில்லை என்று ஒருவர் ஜாதகத்தைப் புரட்டினார். கிரகமும் நகரவில்லை, பேதியும் நிற்கவில்லை. மறுபடியும் அதே மருந்துக் கடைக்கு ஓடினார்கள். பேதியைக் கட்டும் மாத்திரை ஒன்று, அதோடு இன்னொரு கிருமிக்கொல்லி மாத்திரை ஒன்று. நோய் இரண்டு பங்காயிற்று.

கடைசியில் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அங்கே ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர். வந்தவுடன் ஊசியை எடுக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார். "பாட்டி, இந்தப் பேதி வருவதற்கு முன்னே, இரண்டு மூன்று மாதத்துக்குள்ளே, வேறே என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?" என்றார். அதுவரையில் எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. பெரியம்மா பல்வலிக் கதையைச் சொன்னார்கள். டாக்டர் மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். கிருமி அகப்பட்டது. முன் சாப்பிட்ட மருந்துகளை நிறுத்தி, வேறு மருந்தைப் பத்து நாள் வாய் வழியாகக் கொடுத்தார். பெரியம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தார்கள். தோழர்களே! அவர்களைப் பிழைக்க வைத்தது முதலில் மருந்தல்ல. அந்த ஒரு கேள்வி.

அந்தக் கிருமியின் கதை என்னவென்று பார்ப்போம். அதன் பெயர் கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில். பெயர் வாயில் நுழைவது கஷ்டமாயிருக்கிறதென்று பயப்பட வேண்டாம். டிஃபிசில் என்றாலே லத்தீன் பாஷையில் கஷ்டமானது என்றுதான் அர்த்தம். 1935ல் அமெரிக்காவில் ஹால், ஓடூல் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் பிறந்த குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டார்கள். பரிசோதனைச் சாலையில் வளர்ப்பது மிகவும் கஷ்டமாயிருந்ததால் இந்தப் பெயர் வைத்தார்கள். குழந்தைகள் அதைச் சுமந்துகொண்டு சௌக்கியமாகவே இருந்தன. ஆகவே நாற்பது வருஷகாலம் இதை ஒருவரும் பிரமாதமாக நினைக்கவில்லை.

1970களில் கிளிண்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து சாப்பிட்டவர்களில் அநேகருக்குக் கடுமையான பேதியும், பெருங்குடலில் புண்ணும் வருவதை அமெரிக்க டாக்டர்கள் கவனித்தார்கள். மருந்துதான் குடலைப் புண்ணாக்குகிறது என்று முதலில் எண்ணினார்கள். ஆராய்ந்து கொண்டே போனதில், 1978ல் உண்மை வெளிப்பட்டது. புண்ணாக்கியது மருந்தல்ல, இந்தக் கிருமி விடும் விஷம். ஆனால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டது மருந்து. இதுதான் இன்று நான் சொல்லப்போகும் விஷயத்தின் சாரம்.

கதவைத் திறப்பது எப்படி என்று கேட்பீர்கள். உங்களில் அநேகர் விவசாயிகள். ஆகவே வயலைக்கொண்டே சொல்லுகிறேன். நம்முடைய குடல் வெறும் குழாயல்ல. அது பயிர் நிறைந்த வயல். நம் உடம்பின் உயிரணுக்கள் எத்தனையோ ஏறக்குறைய அத்தனை கிருமிகள் நமக்குள் வாழ்கின்றன; அவற்றில் மிகப் பெரும்பாகம் பெருங்குடலில் இருக்கின்றன. அவை நமக்குச் சத்துருக்களல்ல. செரிமானத்துக்கு உதவி செய்கின்றன. வெளிக்கிருமி வந்தால் இடம் கொடுக்காமல் தடுக்கின்றன. பயிர் நெருக்கமாயிருக்கும் வயலில் களை தலையெடுக்க முடியாதல்லவா? கிருமிக்கொல்லி மருந்து சாப்பிட்டால், அது நோய்க் கிருமியை மாத்திரம் தேடிப்பிடித்துக் கொல்லுவதில்லை. நெருப்பு வைத்தது போலப் பயிரையும் சேர்த்துக் கருக்குகிறது. வயல் வெறுமையானவுடன் களை முளைக்கிறது. அந்தக் களைதான் டிஃபிசில்.

இந்தக் களைக்கு ஒரு பொல்லாத சாமர்த்தியம் உண்டு. நிலைமை சரியில்லாவிட்டால் விதை போலக் கெட்டியான ஓடு போட்டுக்கொண்டு உறங்கிவிடும். அந்த உருவத்தில் கட்டில் கம்பியிலும், கதவுப் பிடியிலும், கக்கூசுத் தரையிலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். வயிற்றிலுள்ள அமிலம் அதைக் கொல்லாது. டாக்டரின் கையிலோ, நர்சின் கையிலோ, பார்க்க வந்த உறவினர் கையிலோ ஒட்டிக்கொண்டு அடுத்த நோயாளியின் வாய்க்குப் போகும். அங்கே பயிர் கருகிய வயலாயிருந்தால் முளைத்து விஷம் விடும். நாளைக்கு மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராய்ப் பேதி, வயிற்று வலி, காய்ச்சல். முற்றினால் பெருங்குடல் வீங்கி மரணம். குணமானவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மறுபடியும் வருகிறது. கிருமிக்கொல்லி மருந்து சாப்பிடும் காலத்திலும், அதற்குப் பின் ஒரு மாதத்திலும், இந்நோய் பிடிக்க ஏழு முதல் பத்து மடங்கு வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு இலாகா சொல்லுகிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இது எப்படிப் பெருகியது என்பதைப் பாருங்கள். ஏழை நாட்டில் சாக்கடை ஓரத்தில் பெருகியிருக்கும் என்று நினைப்பீர்கள். அப்படியல்ல. பணமும், படிப்பும், பளிங்குத் தரையும் உள்ள நாடுகளின் ஆஸ்பத்திரிகளிலேயே பெருகியது. கனடா தேசத்தில் கியூபெக் மாகாணத்தில் ஷெர்புரூக் என்ற ஊரிருக்கிறது. அங்கே 1991ல் ஒரு லட்சம் பேருக்கு 36 பேர் வீதம் இந்நோய் கண்டது. 2003ல் லட்சத்துக்கு 156 ஆயிற்று. 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடத்தில் லட்சத்துக்கு 102 ஆயிருந்தது 866 ஆக ஏறிற்று. 2004ல் அந்த மாகாணத்தின் 12 ஆஸ்பத்திரிகளில் மாத்திரம் 1,703 நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். அங்கே பரவியது புதிதாய்க் கடுமை பெற்ற ஒரு இனம். ஃபுளோரோகுயினலோன் என்ற வகை மருந்துகள் அதைக் கொல்லவில்லை. அந்த மருந்துகளையோ டாக்டர்கள் தாராளமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றக் கிருமிகள் சாக, இது மாத்திரம் கொழுத்தது.

இங்கிலாந்தைப் பாருங்கள். ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் 2003க்கும் 2005க்கும் இடையில் இரண்டு தடவை இந்நோய் பரவி 334 பேருக்குப் பிடித்தது. குறைந்தபட்சம் 33 பேர் மாண்டார்கள். நோயாளிகளைத் தனியறையில் பிரித்து வையுங்கள் என்று தொற்றுத்தடுப்பு நிபுணர்கள் சொன்னார்கள். நிர்வாகிகள் கேட்கவில்லை. அவசரப் பிரிவில் நோயாளி இத்தனை மணி நேரத்துக்குமேல் காத்திருக்கக் கூடாது என்று சர்க்கார் வைத்திருந்த கணக்கை நிறைவேற்றுவதே அவர்களுக்குப் பெரிதாயிருந்தது. பிறகு மெய்ட்ஸ்டன், டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஆஸ்பத்திரிகள். 2004 ஏப்ரல் முதல் 2006 செப்டம்பர் வரையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டது. ஏறக்குறைய 90 பேர் நிச்சயமாகவோ அநேகமாகவோ இந்நோயினாலேயே மாண்டார்கள் என்று 2007ல் வெளியான விசாரணை அறிக்கை சொல்லுகிறது. கட்டில்கள் நெருக்கம், நர்சுகள் பற்றாக்குறை, கழுவியதாகச் சொல்லி அடுக்கிய மலப் பாத்திரங்களில் அழுக்கு. கக்கூசுக்கு அழைத்துப்போக ஆளில்லாமல், படுக்கையிலேயே போய்விடு என்று நோயாளிகளிடம் சொன்னார்களென்றும் அதில் கண்டிருக்கிறது. அந்த மனிதர்கள் ஒரு நோய்க்காக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வேறு நோயால், மானத்தையும் இழந்து செத்தார்கள். இதை விதி என்று சொல்லலாமா?

சரி, ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருந்துவிட்டால் தப்பலாமே என்று ஒரு தோழர் கேட்கலாம். அதுவும் நடக்காது. 2011ல் அமெரிக்காவில் சுமார் 4,53,000 பேருக்கு இந்நோய் கண்டதென்றும், நோய் கண்டு ஒரு மாதத்துக்குள் சுமார் 29,000 பேர் மாண்டார்களென்றும் மதிப்பிட்டார்கள். இதில் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது சுமார் 1,60,000 பேர், ஆஸ்பத்திரியில் தங்காமல் வெளியிலிருந்தே நோய் கண்டவர்கள். அப்படி வெளியில் நோய் கண்டவர்களைப் பற்றி 2013ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், நூற்றுக்கு 64 பேர் அதற்கு முந்திய மூன்று மாதத்தில் கிருமிக்கொல்லி மருந்து சாப்பிட்டவர்களாயிருந்தார்கள். நூற்றுக்கு 82 பேர் டாக்டர் வீட்டுக்கோ, பல் வைத்தியரிடமோ, வேறு வைத்திய இடத்துக்கோ போய் வந்தவர்கள். ஆகவே கிருமி ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டி வந்துவிட்டது. மருந்து போகுமிடமெல்லாம் அதுவும் போகிறது.

இனி நம்மிடத்துக்கு வருவோம். நமது நாட்டில் மருந்து எப்படிப் போகிறது? சளி பிடித்தால் மாத்திரை, காய்ச்சலுக்கு மாத்திரை, குழந்தை இரண்டு தடவை வெளிக்குப் போனால் மாத்திரை. டாக்டர் ஒன்றும் எழுதிக் கொடுக்காமல், "சாதாரண ஜலதோஷம், நாலு நாளில் தானே போய்விடும்" என்று சொன்னால், இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அடுத்த டாக்டரிடம் போகிறோம். ஊசி போட்டால்தான் டாக்டர். பலமான மாத்திரை கொடுத்தால்தான் கைராசிக்காரர். ஜலதோஷமும், அதோடு வரும் சாதாரணக் காய்ச்சலில் பெரும்பாகமும் வைரஸ் என்ற வேறு வகைக் கிருமியால் வருவன. அவற்றை இந்த மருந்துகள் தொடவே தொடா. நோய் தானாகவே போகிறது. பேர் மருந்துக்குப் போகிறது. மழை வருகிற சமயம் பார்த்து யாகம் பண்ணினவன் பேர் வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தோழர்களே! மந்திரித்த கயிறு கட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் எதற்கென்று கேளாமல், என்னவென்று தெரியாமல், வண்ண மாத்திரையை வாயில் போட்டுக்கொள்ளுகிறவனும் அதே காரியத்தைத்தான் செய்கிறான். கயிறு செய்யும் கெடுதலைவிட மாத்திரை செய்யும் கெடுதல் அதிகம். கயிறு கையோடு நிற்கிறது; மாத்திரை குடலுக்குள் போகிறது. பழைய மூடநம்பிக்கையை விட்டுவிட்டோமென்று பெருமைப்படுகிறவர்கள் புதிய மூடநம்பிக்கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

இதனால் மருந்தே கூடாதென்று நான் சொல்வதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். 1928ல் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டுபிடித்திராவிட்டால், இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் இன்று உயிரோடிருக்க மாட்டோம். நிமோனியா வந்தவனுக்கும், இரத்தத்தில் விஷம் ஏறினவனுக்கும் அந்த மருந்து உயிர். தகாத முறையில் உபயோகித்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமற் போகுமென்று 1945ல் நோபல் பரிசு பெற்றபோது எச்சரித்தவரும் அதே ஃபிளெமிங்தான். கத்தி வேண்டாமென்று சொல்லவில்லை. கத்தியைக் குழந்தை கையில் கொடுக்காதே என்கிறேன். டாக்டர் அவசியமென்று கொடுத்த மருந்தைப் பயந்து பாதியில் நிறுத்துவதும் தப்பு. பேதி கண்டால் அவரிடமே போய்ச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நமது நாட்டில் இதற்குச் சட்டமில்லாமலில்லை. அநேக கிருமிக்கொல்லி மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, விற்றதைத் தனிப் புத்தகத்தில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று எச்1 அட்டவணை என்ற விதி 2014 மார்ச் முதல் அமலிலிருக்கிறது. ஆனால் சட்டம் புத்தகத்திலிருக்கிறது; மாத்திரை தெருவிலிருக்கிறது. கேட்கிற நாம் கேட்டுக்கொண்டே இருக்கும் வரையில், விற்கிறவன் விற்றுக்கொண்டேதான் இருப்பான்.

நிற்க, சுத்தம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். நம் ஜனங்கள் சுத்தம் சுத்தம் என்று பேசுகிற பேச்சுக்கு அளவில்லை. ஆனால் எந்தச் சுத்தம்? நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் வீடு சுத்தம். ஒரு ஜாதியான் தொட்டால் அசுத்தம், இன்னொரு ஜாதியான் தொட்டால் சுத்தம். எந்தப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் இந்தத் தீட்டு கண்ணுக்குத் தெரியாது. நான் சொன்ன கிருமி விதையோ பூதக்கண்ணாடியில் தெரியும். அது டாக்டர் கையிலும் ஒட்டும், புரோகிதர் கையிலும் ஒட்டும். கையைக் கழுவினவனை விட்டுவிடும்; கழுவாதவனோடு போகும்.

கழுவுவதிலும் அறிவு வேண்டும். இப்பொழுது ஆஸ்பத்திரிகளில் வாசலுக்கு வாசல் சாராயம் கலந்த கை மருந்து வைத்திருக்கிறார்கள். அது நல்லதுதான், எத்தனையோ கிருமிகளைக் கொல்லும். ஆனால் டிஃபிசில் விதையை அது கொல்லாது. இரண்டு சொட்டுத் தேய்த்துக்கொண்டு சுத்தமாகிவிட்டேன் என்று நினைப்பது, தீர்த்தம் தெளித்துக்கொண்ட கதைதான். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினால் விதை கையை விட்டுப் போகும். கட்டிலையும், தரையையும், கக்கூசையும் குளோரின் கலந்த மருந்தால் துடைக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 1847ல் வியன்னா நகரப் பிரசவ ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கையைக் கழுவிவிட்டுப் பிரசவம் பாருங்கள் என்று மற்ற டாக்டர்களுக்கு உத்தரவு போட்டார். அவர் பிரிவில் 1846ல் நூற்றுக்குப் பதினோரு தாய்மார் மாண்டுகொண்டிருந்தார்கள். 1848ல் அது நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைந்தது. அப்படியும் பெரிய டாக்டர்கள் அநேகர் ஒப்புக்கொள்ளவில்லை. கனவான்களாகிய எங்கள் கையா அழுக்கு என்பது அவர்கள் ஆத்திரம். கௌரவம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் நின்றால், கௌரவத்தின் பக்கம் போவது எல்லா நாட்டிலும் இருக்கிற வியாதிதான்.

இன்னொன்று சொல்லுகிறேன். இந்நோயை ஆஸ்பத்திரியில் தடுத்து நிறுத்துகிற முக்கியமான மனிதன் யார்? பெரிய டாக்டர் அல்ல. மலப் பாத்திரத்தைக் கழுவி, கட்டிலைத் துடைத்து, கக்கூசைத் தேய்க்கிறவன்தான். அவன் ஒரு நாள் சரியாகச் செய்யாவிட்டால், நூறு டாக்டர்கள் சேர்ந்தும் நோயைத் தடுக்க முடியாது. அவனுக்கு நாம் கொடுக்கும் யோக்கியதை என்ன? எல்லாரிலும் குறைந்த கூலி. உறை, சோப்பு, மருந்து கேட்டால் செலவு என்று மறுப்பு. பிறப்பின் பேரால் இழிவு வேறு. உயிரைக் காக்கிறவனை இழிவுபடுத்திவிட்டு, உயிர் போனால் விதியென்று அழுகிறோம்.

குறைக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு அதே இங்கிலாந்துதான் அத்தாட்சி. அங்கே 2004 முதல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றியும், 2007 முதல் 2 வயதுக்கு மேற்பட்ட எல்லாரைப் பற்றியும், ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியும் இந்நோய்க் கணக்கைக் கொடுத்தே தீரவேண்டும் என்று ஆக்கினார்கள். கணக்கை ஊரறிய வெளியிட்டார்கள். கண்டபடி மருந்தெழுதுவதைக் கட்டுப்படுத்தினார்கள். முக்கியமாக, முன் சொன்ன ஃபுளோரோகுயினலோன் மருந்துகளைக் குறைத்தார்கள். நோயாளிகளைத் தனியே பிரித்தார்கள், கழுவினார்கள். 2007-08ல் 55,000க்கு மேலிருந்த நோயாளிகள், 2013-14ல் 14,000க்கும் கீழே இறங்கினார்கள். எந்தக் கோயிலில் எந்த விளக்குப் போட்டு இது நடந்தது? எண்ணினார்கள், காரணம் தேடினார்கள், நடந்தார்கள், குறைந்தது. பிற்பாடு சில வருஷங்களாக அங்கே மறுபடியும் கணக்கு ஏறுகிறது. ஒரு தடவை ஜெயித்தோமென்று உறங்கினால் களையும் உறங்கிக்கொண்டிராது. ஆனால் எண்ணுவதினாலேதான் ஏறுவதும் அவர்களுக்குத் தெரிகிறது. நமது நாட்டில் இந்நோய்க் கணக்கை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. எண்ணாத நோய் இல்லாத நோய் என்று சந்தோஷப்படுவது, கண்ணை மூடிக்கொண்ட பூனையின் சந்தோஷம்.

கடைசியாக ஒரு சங்கதி. இதைக் கேட்டு யாரும் எழுந்துபோய்விட வேண்டாம். மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப இந்நோய் வருகிறவர்களுக்கு ஒரு வைத்தியம் உண்டு. நல்ல தேகமுள்ள இன்னொருவரின் மலத்தைப் பரிசோதித்து, கரைத்து வடிகட்டி, நோயாளியின் குடலுக்குள் செலுத்துவது. கருகின வயலில் மறுபடியும் நாற்று நடுவது போல. 1958ல் அமெரிக்காவில் டென்வர் நகர டாக்டர்கள் சாகக் கிடந்த நான்கு பேருக்கு இப்படிச் செய்து பிழைக்க வைத்தார்கள். 2013ல் ஹாலந்து தேசத்து டாக்டர்கள் முறைப்படி சோதித்தார்கள். இந்த வைத்தியம் செய்த 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமானார்கள். வான்கோமைசின் மருந்து மாத்திரம் கொடுத்த 13 பேரில் 4 பேரே குணமானார்கள். 2023ல் அமெரிக்க சர்க்கார், மலத்திலிருந்து எடுத்த நற்கிருமிகளை அடைத்த மாத்திரைக்கே அனுமதி கொடுத்துவிட்டது. மலம் கொடுப்பவரிடம் என்ன விசாரிக்கிறார்கள்? நோயுண்டா, சமீபத்தில் என்ன மருந்து சாப்பிட்டாய் என்று விசாரிக்கிறார்கள். குலம் என்ன, கோத்திரம் என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. இதை வீட்டில் யாரும் செய்து பார்க்கக்கூடாது; பரிசோதனை இல்லாமல் செய்தால் வேறு நோய் தொற்றி உயிருக்கே மோசம் வரும். நான் இதைச் சொன்னது, அருவருப்பு வேறு, அறிவு வேறு என்பதற்காகவே. அருவருப்பைத் தாண்டி யோசித்தவர்களால்தான் அந்த உயிர்கள் பிழைத்தன.

ஆகவே நீங்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும்? சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் நீங்களாகக் கிருமிக்கொல்லி மாத்திரை வாங்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால், "இது கிருமிக்கொல்லியா? எதற்காக? எத்தனை நாள்? இது இல்லாமல் முடியாதா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அப்படிப்பட்ட மருந்து சாப்பிட்ட மூன்று மாதத்துக்குள் பேதி கண்டால், டாக்டரிடம் அந்தச் சங்கதியை முதலில் சொல்லுங்கள்; பேதியைக் கட்டும் மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். எல்லாப் பேதியும் இந்தப் பேதியல்ல. நம் ஊரில் கெட்ட தண்ணீரால் வருவதே அதிகம். எந்தப் பேதியானாலும் உடம்பின் நீர் வற்றாமல் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போனால், போகும்போதும் வரும்போதும் சோப்பால் கை கழுவுங்கள், கட்டிலின்மேல் உட்காராதீர்கள். டாக்டரோ நர்சோ கை கழுவாமல் தொட வந்தால், கழுவிவிட்டுத் தொடுங்கள் என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். நல்ல டாக்டருக்கு அதனால் கோபம் வராது. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா, துப்புரவு செய்கிறவருக்குக் கையுறை இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் கூட்டமாகப் போய்க் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பணம் வேண்டியதில்லை, பட்டம் வேண்டியதில்லை. ஏன் என்று கேட்கும் துணிவு ஒன்று போதும். என் பெரியம்மாவை நாங்கள் சாக விட்டிருப்போம். விட்டுவிட்டு, ஆயுசு அவ்வளவுதான் என்று சொல்லி அழுதும் இருப்போம். ஒரு சின்னப் பெண் ஒரு கேள்வி கேட்டாள், ஆயுசு நீண்டது. அந்தக் கேள்வியை இனிமேல் டாக்டர் கேட்கும் வரையில் நீங்கள் காத்திருக்க வேண்டாம். நீங்களே கேளுங்கள், உங்கள் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் கேட்கப் பழக்குங்கள். நான் சொன்னதிலும் சந்தேகமிருந்தால், இப்பொழுதே எழுந்து கேளுங்கள். பதில் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போவேன்.